எருவும் சூப்பரும்: செம்மண்ணில் போட்ட மணிச்சத்து எங்கே போகிறது?

போன கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு நாள், பண்ருட்டிக்கு மேற்கே இருக்கும் எங்கள் கொல்லையில் ஒரு டிப்பர் எரு வந்து இறங்கியது. மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்காக (நிலக்கடலைதான்) வாங்கியது. சித்தப்பா அந்தக் குவியலைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, ஒரு டன் எருவுல மணிச்சத்து ரெண்டு கிலோதான்னு நீதானே சொன்ன? சூப்பர் ஒரு மூட்டையில எட்டு கிலோ இருக்கு. அப்போ ஒரு மூட்டைய வாங்கிப் போட்டுட்டா நாலு டன் எரு மிச்சம்தானே? எதுக்கு இவ்வளவு வண்டிக்கூலி?"

அவர் கணக்கில் பிழை இல்லை. நல்ல தொழு எருவில் மணிச்சத்து சுமார் 0.2 சதவீதம். சூப்பர் என்று நாம் சொல்லும் சூப்பர் பாஸ்பேட் உரத்தில் 16 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 8 கிலோ. இது கடைக்காரரின் தராசுக் கணக்கு. மூட்டையைப் பிரித்து நிலத்தில் கொட்டிய பிறகு அந்த எட்டு கிலோ என்ன ஆகிறது என்று இந்தக் கணக்குக்குத் தெரியாது. நம் ஊர்ச் செம்மண்ணில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மணிச்சத்து என்று நாம் சொல்வது பாஸ்பரஸை. தழை தழைக்கத் தழைச்சத்து, மணி பிடிக்க மணிச்சத்து என்று பொருத்தமாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மணி பிடிப்பதற்கு வெகு முன்பே அதன் வேலை தொடங்கிவிடும். வேர் ஓடுவதற்கும், மல்லாட்டையின் வேர்முடிச்சுகள் வேலை செய்வதற்கும், இலையில் சேரும் வெயிலின் ஆற்றல் செடிக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கும் அது வேண்டும். இது குறைந்தால் செடி சட்டென்று மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்காது. குட்டையாக, கரும்பச்சையாக நிற்கும். மக்காச்சோளமாக இருந்தால் அடியிலைகளில் ஊதா நிறம் ஓடும். மல்லாட்டையில் அதுகூடத் தெளிவாகத் தெரியாது. "இந்த வருஷம் செடி எழும்பல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

மண்ணில் இது இல்லாமலா இருக்கிறது? ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 900 டன் வரும். அதில் பாஸ்பரஸ் வெறும் 0.03 சதவீதம் என்று வைத்தால்கூட 270 கிலோ. ஏக்கருக்கு ஒரு டன் மல்லாட்டை எடுத்தால் காயும் கொடியுமாகச் சேர்ந்து உறிஞ்சுவது ஏறக்குறைய 4 கிலோ. ஐம்பது அறுபது பட்டத்துக்குப் போதுமானது காலடியிலேயே கிடக்கிறது.

அப்புறம் ஏன் தட்டுப்பாடு? வேர் மண்ணை மென்று தின்னாது. தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டுமே அதனால் உறிஞ்ச முடியும். அதே 15 சென்டிமீட்டர் மண்ணில் நல்ல ஈரம் இருக்கும்போது ஏக்கருக்குச் சுமார் 1,20,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். சத்து குறைந்த செம்மண்ணில் அந்த நீரில் கரைந்திருக்கும் பாஸ்பரஸ், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 6 கிராம் வருகிறது. ஏக்கர் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி உப்பின் எடை! பயிருக்கு வேண்டியதோ 4 கிலோ. அந்த 6 கிராமை வேர் உறிஞ்ச, மண் மறுபடி கரைத்துக் கொடுக்க, மறுபடி உறிஞ்ச என்று ஒரு பட்டத்தில் 650 முறைக்கு மேல் நடந்தாக வேண்டும். 105 நாள் பயிரில் நாளுக்கு ஆறு முறை. ஆகவே மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதை விட, மண் எவ்வளவு சுலபமாகக் கையை விட்டுக் கொடுக்கிறது என்பதில்தான் விளைச்சல் நிற்கிறது. நம் செம்மண் கை விடாத மண்.

அது ஏன் அப்படி என்பதற்குச் செம்மண்ணின் நிறமே பதில். கேப்பர் மலை, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரிக் கொல்லைகள், புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் மேடு என்று இந்தச் சுற்றுவட்டாரச் செம்மண்ணில் பெரும்பகுதி, புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கும் பழைய பாறைப் படிவத்திலிருந்து வந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் திருவக்கரையின் கல்மரங்களும் கிடைப்பது இந்தப் படிவத்தில்தான். வெப்பமும் மழையும் சேர்ந்த நாட்டில் லட்சக்கணக்கான ஆண்டுகள் பெய்த மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கீழே கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் மேலே தங்கிவிட்டன. சுண்ணாம்பு போன இடத்தில் அமிலத்தன்மை ஏறியது. தங்கிய இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகி மணல் துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்தது. மண்ணின் சிவப்பும் மஞ்சளும் அந்தப் பூச்சின் நிறம்தான். நிலம் முழுக்கத் துரு படிந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

துருவுக்கும் பாஸ்பேட்டுக்கும் (பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் வடிவம்) இருக்கும் பிடிப்பை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்ட இரும்பு கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன், துருவின் மேல் ஒரு திரவத்தைப் பூசுவார்கள். அந்த வகைத் திரவங்கள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். பூசிய கொஞ்ச நேரத்தில் பழுப்புத் துரு கருஞ்சாம்பல் நிறத்துக்கு மாறி இறுகிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் போகாது. இரும்பும் பாஸ்பேட்டும் கைகோத்துக்கொண்ட படலம் அது. நாம் செம்மண்ணில் சூப்பரைத் தூவும்போது இதே சேர்க்கைதான் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. தூளிலிருந்து கரைந்து வெளிவரும் பாஸ்பேட், துருப் பூச்சின் மேல் ஓர் இடத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் பெரும்பாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நாள் ஆக ஆக இன்னும் உள்ளே அமுங்கிப் போகும். கரைந்து கிடக்கும் அலுமினியத்தோடும் சேர்ந்து கரையாத உப்பாகப் படியும்.

அதனால்தான் போட்ட மணிச்சத்தில் முதல் பட்டத்துப் பயிருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதம் வரைதான். மூட்டையிலுள்ள எட்டு கிலோ என்பது பாஸ்பரஸை ஆக்சிஜனோடு சேர்த்து எடை போட்ட ஆக்சைடு கணக்கு. தனி பாஸ்பரஸாகப் பார்த்தால் மூன்றரை கிலோதான். அதிலும் கால் பங்குக்கு மேல் கிடைக்காது என்றால், மல்லாட்டை கேட்கும் 4 கிலோவுக்கு ஒரு மூட்டை எந்த மூலைக்கு?

இனி எரு. அது செய்யும் முக்கியமான வேலையை எளிதாகச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி, பஸ்ஸில் சீட் பிடிப்பதுதான். திருவிழா நாளில் பண்ருட்டி பஸ் நிலையத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா? துருவின் மேலுள்ள இடங்களை சீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் ஏறியதும் காலி சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், லேசில் எழுந்திருக்காது, வேர் என்னும் நிறுத்தத்தில் இறங்கவும் இறங்காது. ஆனால் ஏறும்போதே சீட்டெல்லாம் துண்டாக இருந்தால்? நடைபாதையில் நின்றுகொண்டே வரும். நிற்கிறவர்தானே சட்டென்று இறங்க முடியும்! எரு மக்கும்போது வரும் சிட்ரிக், ஆக்சாலிக், மாலிக் போன்ற அமிலங்களும், எரு மக்கி மிஞ்சும் கறுப்புப் பொருளான முற்றிய மக்கிலிருக்கும் ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்களும்தான் அந்தத் துண்டுகள். அவையும் பாஸ்பேட்டைப் போலவே துருவைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை. இடத்தை அவை பிடித்துக்கொண்டால் பாஸ்பேட் கரைசலிலேயே தங்கும்.

அமிலம் இரும்பைப் பிடிக்குமா என்று சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்குவதை நினைத்துப் பாருங்கள். கறுத்த பித்தளையில் புளியைத் தேய்த்ததும் பளிச்சென்று ஆகிறது. புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கவ்வி எடுத்துவிடுகிறது. எருவிலிருந்து வரும் அமிலங்கள் சும்மா சீட்டில் உட்காருவதோடு நிற்பதில்லை. இதே போல இரும்பையும் அலுமினியத்தையும் கவ்வித் துருப் பூச்சிலிருந்து பெயர்த்தும் எடுக்கும். பெயர்ந்த இரும்பு ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த பாஸ்பேட் அப்போது விடுபடும். முந்திரிக் கொல்லையில் மழை விட்ட மறுநாள், சருகு ஊறிய குட்டைத் தண்ணீர் கறுந்தேநீர் மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சருகின் துவர்ப்புப் பொருள் நீரில் இறங்கிய நிறம் அது. இரும்போடு சேர்ந்தால் இன்னும் கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இந்தப் பிடிப்பை வைத்துத்தான்.

அலுமினியத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மண்ணின் பிஎச் (அமிலம், காரத்தைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். அது வேர் நுனியைத் தாக்கும். வேர் நீளாமல் மொட்டையாகத் தடித்துப் போகும். மணிச்சத்து தானாக நடந்து வேருக்கு வராத சத்து, பட்டம் முழுக்கச் சேர்த்தே சில மில்லிமீட்டர்தான் நகரும். வேர்தான் தேடிப் போக வேண்டும். அந்த வேரே முடங்கினால் என்ன ஆகும்? மக்கு அந்த அலுமினியத்தையும் கவ்வி வைத்துக்கொள்கிறது. எரு போட்ட நிலத்தில் மல்லாட்டையைப் பிடுங்கும்போது வேர் கொத்தாக மண்ணோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எருவே கொடுக்கும் மணிச்சத்தும் கொஞ்சம் உண்டு, அதை இல்லையென்று தள்ள முடியாது. பரிந்துரைப்படி எக்டருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் அடித்தால் 10 கிலோ மணிச்சத்து உள்ளே போகிறது. அதில் ஒரு பகுதி உயிர்ப்பொருளுக்குள் கட்டுண்டு இருக்கும். நுண்ணுயிர்களும் வேரும் சுரக்கும் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அதை வெட்டி, சிறிது சிறிதாக வெளியே விடும். ஒரேயடியாகக் கொட்டாமல் சிந்திச் சிந்திக் கொடுப்பதால், துருவின் கையில் சிக்குவதற்கு முன் வேர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. நுண்ணுயிர்களின் உடம்பும் ஒரு சேமிப்புதான். அவை பாஸ்பரஸைத் தின்று உடம்பில் வைத்திருக்கும் நாட்களில் துருவால் அதைத் தொட முடியாது. செத்தால் மீண்டும் கரைசலுக்கு வரும். மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கப் பாஸ்போ பாக்டீரியா என்று பாக்கெட்டில் வாங்குகிறோமே, அந்த உயிர்களுக்கும் உணவு இந்த மக்குதான். மக்கு இல்லாத மொட்டைச் செம்மண்ணில் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவது பட்டினிக்கு ஆள் அனுப்புவது மாதிரி.

எங்கள் முந்திரி மரத்தடியில் இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். மேலே கிடக்கும் காய்ந்த சருகை விலக்குங்கள். அதன் கீழே பாதி மக்கிய, ஈரமான, கறுத்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். அவற்றைப் பிரித்தால் நூல் நூலாக வேர்கள், சில இடங்களில் இலை நரம்பை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும். கூடவே சிலந்தி நூல் மாதிரி வெள்ளைப் பூஞ்சண இழைகளும் இருக்கும். ஒரு முழம் கீழே செம்மண் கிடக்கும்போது மரத்தின் சல்லிவேர் ஏன் மேலே வந்து சருகுக்குள் நுழைகிறது? துரு கை வைப்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளத்தான். அந்தச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். சாம்பலில் மணிச்சத்து தங்கும், அமிலத்தன்மையையும் கொஞ்சம் தணிக்கும், சரி. ஆனால் இடம் பிடித்து வைக்கும் அத்தனை அமிலங்களும் புகையாகப் போய்விடுகின்றன.

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காக, எந்தக் குப்பையைப் போட்டாலும் இது நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் நானே பட்டிருக்கிறேன். சில வருஷம் முன்னால், மரம் அறுக்கும் இடத்தில் சும்மா கிடைத்த மரத்தூளைக் கத்தரிப் பாத்தியில் கலந்துவிட்டேன். மூன்று வாரத்தில் நாற்று வெளிறி, வளர்ச்சி நின்று, எட்டடி தள்ளியிருந்த மற்ற பாத்தியோடு ஒப்பிட்டால் பாதி உயரம்கூட இல்லை. மரத்தூளில் கார்பன் மலை போல, சத்து கடுகு போல. அதை மக்க வைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்கள் உடம்புக்கு வேண்டிய தழைச்சத்தையும் மணிச்சத்தையும் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பயிருக்கு மிச்சமில்லை. ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு 200 பங்குக்குக் கீழே கார்பன் இருக்கும் பொருள் மக்கும்போது மணிச்சத்து வெளியே வரும். 300-க்கு மேலே போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த வைக்கோல், கரும்புச் சோகை, மரத்தூள் எல்லாம் இழுக்கும் கட்சி. நன்றாக மக்கிய தொழு எரு, ஆட்டு எரு, கோழி எரு, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுத சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாம் கொடுக்கும் கட்சி. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பாலையிலிருந்து வரும் கழிவான பிரஸ்மட், தொழு எருவை விட மணிச்சத்து கூடுதலாக உள்ளது, ஆனால் சூடு தணிய மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

இன்னொன்று, துண்டு போட்ட சீட் என்றென்றைக்கும் நம்முடையது இல்லை. சிட்ரிக் மாதிரிச் சின்ன அமிலங்களை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தின்றுவிடும். ஹியூமிக் வகைதான் நீண்ட நாள் நிற்கும். பாஸ்பேட்டின் பிடியும் லேசானதல்ல, சின்ன அமிலங்களைத் தள்ளிவிட்டு உட்காரவும் அதற்குத் தெரியும். சில மண்ணில் மக்கோடு சேர்ந்த அலுமினியமே பாஸ்பேட்டைப் பிடிக்கும் புது இடமாகிவிடுவதும் உண்டு. ஆகவே ஒரு வருஷம் பத்து டன் கொட்டிவிட்டு ஐந்து வருஷம் சும்மா இருப்பதை விட, குறைவாக இருந்தாலும் வருஷா வருஷம் போடுவது மேல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்த ஹியூமிக் அமிலம் என்று திரவமாக விற்பதையும் இந்தக் கணக்கிலேயே பாருங்கள். ஏக்கருக்கு ஓரிரு லிட்டர் ஊற்றினால் வேருக்குத் தூண்டுதல் கிடைக்கலாம், ஆனால் 900 டன் துருமண்ணில் சீட் பிடிக்க அந்த அளவு போதாது.

நெல் நட்டால் கதை கொஞ்சம் மாறும். தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று போகாது. நுண்ணுயிர்கள் மக்கைத் தின்னும்போது ஆக்சிஜனுக்குப் பதில் துருவையே பயன்படுத்தத் தொடங்கும். துரு கரையும், அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் விடுபடும், பிஎச்சும் நடுநிலைப் பக்கம் ஏறும். சேறு சிவப்பு மாறிச் சாம்பல் நிறமாவது இதனால்தான். தழை மிதித்த வயலில் இது இன்னும் வேகமாக நடக்கும், காரணம் தின்ன அங்கே நிறைய இருக்கிறது. அதே நிலத்தில் நெல்லுக்குப் பின் உளுந்து விதைத்தால், மண் காய்ந்து துரு திரும்பிவிடும்.

சரி, உங்கள் மண் அமில மண்தானா? நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சிதம்பரம் பக்கத்துக் களிமண் பெரும்பாலும் காரப் பக்கம். அங்கே பூட்டு போடுவது சுண்ணாம்பு. மண்ணைச் சோதித்து விடுங்கள். கடலூரிலிருக்கும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையம் என்று அருகிலேயே இடங்கள் இருக்கின்றன. மண் எடுக்கும்போது எருக்குவியல் இருந்த இடத்தையும் மரத்தடியையும் வரப்போரத்தையும் விட்டுவிடுங்கள். கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: அமில மண்ணுக்கு மணிச்சத்தை ப்ரே முறையில் பார்ப்பார்களா? நடுநிலை, கார மண்ணுக்கு ஆல்சன் முறை. பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் எருவோடு கொஞ்சம் சுண்ணாம்பும் வேண்டியிருக்கும். அளவை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. கடைசியில் அவர், "அப்போ ரெண்டையும் தனித்தனியா போடாம, சேத்துக் கலந்து போட்டா?" என்றார். அதுதான் வழி. வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரிக்குப் பல வருஷமாகச் சொல்லிவரும் ஊட்டமேற்றிய தொழு எரு இதுவேதான்: எக்டருக்கு 750 கிலோ நன்கு மக்கிய எருவைப் பொடியாக்கி, அந்தப் பயிருக்குப் போட வேண்டிய சூப்பர் முழுவதையும் அதோடு கலந்து, ஈரம் தெளித்து, ஒரு மாதம் மூடி வைப்பது. பாஸ்பேட் துருவைச் சந்திப்பதற்கு முன்பே மக்கோடும் நுண்ணுயிரோடும் பழகிவிடுகிறது. பிறகு நிலம் முழுக்கத் தூவாமல் விதைக்கும் சாலிலேயே இடுவதால் சந்திக்கும் மண்ணின் அளவும் குறைகிறது.

மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் எங்கள் ஏக்கருக்கு 300 கிலோ எருவைச் சலித்துக் குவித்தோம். சூப்பரைத் தூவித் தூவி மண்வெட்டியால் மூன்று முறை புரட்டினார் சித்தப்பா. பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது, அந்த அளவு ஈரம். மேலே சேற்றைக் குழைத்து மெழுகிவிட்டோம். முப்பதாம் நாள் மெழுகை உடைத்தபோது சாண வாசனை போய்விட்டிருந்தது. முதல் மழை விழுந்த தரையின் வாசனை மட்டும் வந்தது. சூப்பரின் சாம்பல் நிறக் குருணை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சித்தப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த சாலுக்குப் போனார். மீதியிருந்த எருவை முந்திரிக் கன்றுகளின் அடியில் போடலாமா என்று அங்கிருந்தே கேட்டார். போடுங்க சித்தப்பா, சருகை மட்டும் கூட்டிடாதீங்க என்றேன்.